அண்ணாச்சிமார்களே, ஆறு வாரம் கடைக்குள் விடுங்கள்

விருதுநகர் பருப்பு, மிளகாய் வத்தல், எண்ணெய் வியாபாரிகளுக்கும், மில் முதலாளிகளுக்கும், உறவின்முறைச் சங்கப் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மாதாமாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது "பில்லை அனுப்புங்க, பில்லை அனுப்புங்க" என்று போன் போட்டு உயிரை வாங்குகிற வரி ஆலோசகர்களில் நானும் ஒருவன். இருபது வருஷத்துக்கு மேல் உங்கள் கணக்குகளோடுதான் என் பிழைப்பு. இந்த முறை பில் கேட்டு எழுதவில்லை.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நம் ஊரிலும் சுற்றுப்பட்டிகளிலும் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் உங்கள் கடையில், மில்லில், சரக்குக் கிட்டங்கியில் வைத்து வேலை சொல்லிக்கொடுங்கள். அதற்குச் சம்பளமும் கொடுங்கள். முழுச் சம்பளத்தையும் நீங்களே சுமக்க வேண்டாம், பாதியை ஊர் சேர்ந்து போடுவோம். அது எப்படி என்று பின்னால் கணக்கோடு சொல்கிறேன். கணக்கு இல்லாமல் நான் எதையும் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த யோசனை எனக்குக் கோபத்தில் வந்தது. என் தங்கை மகள் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இன்டர்ன்ஷிப் முடித்த சர்டிபிகேட் வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் 3,000 ரூபாய் கட்டினாள். பதினைந்து நாள் பயிற்சி என்று பேர். மூன்றாம் நாளே "இனிமே வரவேண்டாம்மா, சர்டிபிகேட் மெயிலில் வந்துடும்" என்று அனுப்பிவிட்டார்கள். சொன்னபடி வந்தது, பளபளவென்று, ஓரத்தில் தங்க நிறக் கரையோடு. 'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' பயிற்சி முடித்தவள் என்று போட்டிருந்தது. என் தங்கை வீட்டு மாடியில் நின்றால் ஒரு பருப்பு மில்லின் கூரை தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து லாரி லாரியாக உளுந்தும் துவரையும் அந்தத் தெரு வழியாகத்தான் போகின்றன. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "மாமா, இந்த உளுந்தெல்லாம் நம்ம ஊர்க் காட்டுல விளையிறதா?" பர்மாவிலிருந்து வருகிறது என்று சொன்னேன். துவரை ஆப்பிரிக்காவிலிருந்து, தான்சானியா, மொசாம்பிக் நாடுகளிலிருந்தெல்லாம் வருகிறது என்றேன். நம்பவே இல்லை.

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? பத்தொன்பது வயது வரைக்கும் இந்த ஊரில் வளர்ந்தவளை ஒரு நாள்கூட யாரும் ஒரு கிட்டங்கிக்குள் கூட்டிப்போனதில்லை. மாமனான நானும் கூட்டிப்போகவில்லை.

இத்தனைக்கும் தொழில் கற்றுக்கொடுப்பதில் நம் ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடைக்கு நிற்பது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அது வேறென்ன? எட்டாங்கிளாஸ் முடித்த பையனைக் கடையில் விட்டார்கள். பெருக்கினான், பொட்டலம் மடித்தான், சிட்டை எழுதினான். ராத்திரி மூட்டைக்கு மேலேயே படுத்தான். ஏழெட்டு வருஷத்தில் சரக்கின் மணத்தை வைத்தே ரகம் சொல்லப் பழகினான். பிறகு முதலாளியே கைகொடுத்துத் தனிக்கடை வைத்துக்கொடுத்தார். மெட்ராசிலும் மதுரையிலும் எத்தனை மளிகைக்கடைகள் அப்படி முளைத்தன என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருடைய அப்பாக்களே அப்படி நின்றவர்கள்தான்.

அந்தக் காலம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் பிள்ளைகள் பட்ட அடியும் பட்டினியும் கொஞ்சமல்ல. படிப்பை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். பிற்பாடு பிள்ளைகள் படிக்க ஆரம்பித்தார்கள், ரொம்ப நல்லது. ஆனால் படிக்கப் போன பிள்ளைக்குக் கடைக்கதவு சாத்தப்பட்டுவிட்டது. கல்லூரிக்குப் போகிறவனுக்குக் கடையில் என்ன வேலை என்று நீங்களும் நினைத்தீர்கள், அவனும் நினைத்தான். இப்போது படித்தவன் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறான். உங்கள் கடையிலோ கணக்கெழுத ஆள் கிடைப்பதில்லை. இந்தப் புலம்பலைத்தான் நான் ஒவ்வொரு கடையிலும் கேட்கிறேன்.

சரி, சம்பளம் ஏன் என்று கேட்பீர்கள். "கத்துக்கொடுக்கிறதே பெருசு, காசும் கொடுக்கணுமா?" என்று ஒரு அண்ணாச்சி என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். கோடை விடுமுறை என்பது வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் விடுமுறை. மற்றவர்கள் அந்த ஆறேழு வாரத்தில்தான் அடுத்த வருஷத்துக் கட்டணத்தைச் சம்பாதிக்கிறார்கள். பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறார்கள். பெண் பிள்ளைகள் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறார்கள், சிவகாசிப் பக்கம் போய்த் தாள் மடிக்கிறார்கள். இவர்களைக் கூப்பிட்டு "சும்மா வந்து கத்துக்கோ" என்றால் வரமாட்டார்கள், வரவும் முடியாது. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் சொந்தக் கையிலிருந்து போட முடிந்த பிள்ளைகள் மட்டும் வருவார்கள். அவர்களுக்கு உங்கள் தயவு தேவையே இல்லை.

அரசாங்கம் செய்யவில்லையா என்றால் செய்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன். அந்த ஆயிரம் ரூபாய் பல பிள்ளைகளைப் படிப்பை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது, நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அது படிப்புச் செலவுக்கான காசு, தொழில் பழக்கம் அதில் வராது. மத்திய அரசு 2024இல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் அப்போது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதைக் கேள்விப்பட்டதும் நானே ஆர்வமாக விதிகளை எடுத்துப் படித்தேன். அன்றைய விதிப்படி முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. வயது 21 முதல் 24 வரை என்று இருந்தது. நாட்டின் முதல் 500 பெரிய கம்பெனிகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம். பருப்புக் கிட்டங்கிக்கும் கமிஷன் கடைக்கும் அதில் இடமில்லை. நம் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

போன மே மாதம் இதை நானே சின்ன அளவில் செய்து பார்த்தேன். இரண்டு பிள்ளைகள். பி.சி.ஏ. படிக்கிற ஒரு பையன், பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கிற ஒரு பெண். ஆளுக்கு 10,000 ரூபாய், ஆறு வாரத்துக்கு, என் கையிலிருந்து. ரெண்டு பேருமே பஸ்ஸில் வந்து போகிற கிராமத்துப் பிள்ளைகள்.

முதல் வாரம் நான் பண்ணியது தப்பு. ஜெராக்ஸ் எடு, ஃபைலை அடுக்கு, டீ சொல்லிவிட்டு வா என்றே ஓடியது. நாலாவது நாள் அந்தப் பையன் ரொம்பப் பணிவாகக் கேட்டான்: "சார், நாளைக்கும் பேப்பர் அடுக்கணுமா?" சுருக்கென்றது. மதுரைப் பயிற்சி மையத்தைத் திட்டிக்கொண்டே நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மறுநாள் இரண்டு பேரையும் என்னிடம் கணக்குப் பார்க்கிற வியாபாரிகள் இரண்டு பேரிடம் கொண்டுபோய் விட்டேன்.

பையன் போனது ஒரு பருப்பு மில்லுக்கு. நூறு கிலோ துவரையை உடைத்தால் எழுபதிலிருந்து எழுபத்தைந்து கிலோ பருப்பு தேறும், மீதி குருணையும் தோலும் தூசியும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த லோடில் எவ்வளவு தேறியது என்று அந்த மில்லில் நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். மூன்று பேர் கையெழுத்து, மூன்று விதமான சுருக்கம், ஒரு இடத்தில் டீக்கறை. பையன் இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். புரியாத இடமெல்லாம் பழைய கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினான். ஒரு குறிப்பிட்ட இடத்துத் துவரை ஒவ்வொரு தடவையும் குறைவாகத் தேறியது அதில் பளிச்சென்று தெரிந்தது. முதலாளிக்கு அது மனதுக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. இப்போது விலை பேசும்போது அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொள்கிறார். அவர் எனக்கு வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு மத்தியானச் சாப்பாடு கடைசி நாள் வரை அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

அந்தப் பெண் போனது வத்தல் கமிஷன் கடைக்கு. வத்தல் வரத்து இருக்கிற நாட்களில் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், பத்து நிமிஷத்தில் தும்மல் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் கண்ணெல்லாம் சிவந்து வந்தாள், மறுநாள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். முகத்தை துப்பட்டாவால் இறுக்கக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வத்தலில் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும், ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்துவிடும். அந்தக் கடையில் ஈரம் பார்ப்பவர் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். கையில் அள்ளி நெரிப்பார், காதருகே குலுக்கி விதைச் சத்தம் கேட்பார், விலை சொல்லிவிடுவார். கடையில் ஒரு ஈரமானியும் இருந்தது, பெட்டி பிரிக்காமல், சாமி படத்துக்குக் கீழே. அந்தப் பெண் அதைப் பிரித்தாள். பெரியவர் கை சொல்வதையும் மீட்டர் சொல்வதையும் மூட்டைக்கு மூட்டை பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள், நாலு வாரத்துக்கு. பெரியவர் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். மேகமூட்டமான காலை நேரங்களில் மட்டும் கொஞ்சம் தவறினார். அவளே அவரிடம் போய், "தாத்தா, மழை மூட்டமா இருந்தா மட்டும் மெஷினையும் ஒரு பார்வை பாத்துக்கலாமா?" என்று கேட்டாளாம். பெரியவர் சிரித்துவிட்டு, "என் காது மந்தமாயிருச்சுன்னு நாசூக்கா சொல்ற" என்றாராம். இப்போது மீட்டர் மேஜைமேல் இருக்கிறது.

கல்லூரிகள் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ தேர்வை முடித்து ஜூன் நடுவில் திறக்கின்றன. வத்தல் வரத்தும் மாசியில் தொடங்கி சித்திரை வைகாசி வரை இழுக்கிறது. பிள்ளைகள் சும்மா இருக்கிற காலமும் உங்களுக்குக் கை போதாத காலமும் இவ்வளவு பொருத்தமாக வேறெந்த ஊரில் அமையும் என்று தெரியவில்லை.

இனி உங்கள் மனதில் ஓடுவதைப் பேசுவோம். முதல் பயம் கணக்கு. "வெளிப்பையன் வந்தா நம்ம கணக்கு ஊருக்கே தெரிஞ்சிடும்." அண்ணாச்சி, உங்கள் கணக்கைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊருக்குத் தெரியக்கூடாத கணக்கை எந்தப் பிள்ளையிடமும் காட்ட வேண்டாம், முடிந்தால் என்னிடமும் வைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்கு இருப்புக் கணக்கு, சரக்கின் தரம், லாரி வாடகை, லாரியில் போகிற சரக்குக்கான இ-வே பில் இவை போதும்.

அடுத்தது, "வேலை கத்துக்கிட்டுப் போட்டிக்கடை வச்சிருவான்." வைக்கட்டும் அண்ணாச்சி. உங்கள் அப்பா வைத்ததும் அப்படித்தானே.

மூன்றாவதை நீங்கள் சொல்ல மாட்டீர்கள், நான் சொல்கிறேன். பேட்டையில் பாதிக் கிட்டங்கிகளில் பெண்களுக்குக் கழிவறை இல்லை. பெண் பிள்ளைகளைக் கேட்கும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லாத இடத்துக்கு நான் அனுப்பமாட்டேன். ஒரு கழிவறை கட்டினால் பயிற்சிக்கு வருகிற பிள்ளைக்கு மட்டுமல்ல, பல வருஷமாகக் குனிந்த தலை நிமிராமல் புடைத்துக்கொண்டிருக்கிற அக்காமார்களுக்கும் ஆகும். அப்புறம் பட்டாசு, தீப்பெட்டி, வெடிமருந்து சம்பந்தப்பட்ட எந்த இடத்துக்கும் ஒரு பிள்ளைகூடப் போகக்கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று சங்கடமானது. பையன் மில்லுக்குள் நுழைந்த முதல் நாள் அவனிடம் கேட்ட இரண்டாவது கேள்வி "நீ என்ன ஆளுக?" என்பது. கேட்டவர் கெட்டவர் இல்லை, பழக்கத்தில் கேட்டுவிட்டார். அவன் சொன்னான், மேற்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என்னிடம் வந்து கணக்குச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. அந்தக் கேள்வியை ஆறு வாரத்துக்குக் கேட்காமல் இருந்து பாருங்கள்.

மகமையைப் பற்றிப் பேசப்போவதால்தான் இதைச் சொல்கிறேன். மாட்டுவண்டியில் கொண்டுவந்த சரக்கை வழிப்பறிக்குப் பயப்படாமல் இறக்கி வைக்கப் பேட்டை கட்ட வேண்டியிருந்தது. விற்கிற சரக்கில் ஒரு சிறு பங்கை எல்லாரும் பொதுவில் போட்டார்கள். மகமை அப்படித் தொடங்கியது. பேட்டைக்கென்று சேர்ந்த காசு பிறகு பள்ளிக்கூடமானது. 1889இல் சத்திரிய வித்தியாசாலை வந்தது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசியில் அந்தப் பள்ளி நடந்தது என்று நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. காமராசர் படித்தது அங்கேதான். 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962இல் பெண்களுக்கு வன்னியப்பெருமாள் கல்லூரி. அரசாங்கம் வந்து கட்டிக்கொடுக்கட்டும் என்று உங்கள் தாத்தாக்கள் காத்திருந்ததில்லை.

அந்த மகமை ஒரு சமூகத்தின் ஏற்பாடு. அதில் நான் கைவைக்கக் கேட்கவில்லை, அதன் கணக்கு உறவின்முறைக்கே இருக்கட்டும். நான் கேட்பது அதே முறையில் ஓர் ஊர் மகமை. எந்தத் தெருக் கடையும் போடலாம், எந்தத் தெருப் பிள்ளையும் பெறலாம்.

கணக்குக்கு வருகிறேன். நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். கல்லூரிப் பிள்ளைக்கு அதற்குக் கீழே கொடுப்பது நமக்கு அழகில்லை. 350 என்று வையுங்கள். வாரம் ஆறு நாள், ஆறு வாரம், 36 நாள்: ஒரு பிள்ளைக்கு 12,600 ரூபாய். முதல் வருஷம் ஐம்பது பிள்ளைகள் என்றால் 6,30,000. இதில் பாதியை, அதாவது பிள்ளைக்கு 6,300 ரூபாயை, பிள்ளையை வைத்துக்கொள்கிற கடை கொடுக்கிறது. மீதி 3,15,000 பொது நிதியிலிருந்து. முந்நூறு கடைகள் நாளைக்கு மூன்று ரூபாய் எடுத்துவைத்தால் வருஷத்துக்கு 3,28,500 சேர்கிறது. இன்றைக்கு மூன்று ரூபாய்க்கு ஒரு பிடி அரிசி வருமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மிஞ்சுகிற 13,500இல் பிள்ளைகளுக்கு விபத்துக் காப்பீடு போடலாம். பிரதமர் சுரக்ஷா பீமாவில் வருஷத்துக்கு ஆளுக்கு 20 ரூபாய்தான், இரண்டு லட்சம் வரை உண்டு. ஐம்பது பேருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய். மீதியைத் தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகளின் பஸ் காசுக்கு வைத்துக்கொள்வோம்.

பாதியைக் கடை கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முழுக்க இலவசமாக வந்த பிள்ளையை டீ வாங்கத்தான் அனுப்புவீர்கள். காசு கொடுத்தால் வேலை வாங்குவீர்கள், வேலை வாங்கினால் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். என்னைப் போல முதல் வாரத்தை வீணாக்கவும் மாட்டீர்கள். சின்னக் கடைக்காரர் ஒருவரால் பாதிகூட முடியாது, ஆனால் கற்றுக்கொடுக்க நிறைய இருக்கிறது என்றால் அவருக்கு நிதியிலிருந்து முழுதும் கொடுத்துவிடலாம்.

பெரிய மில்காரர்கள் சிலர் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணத்தைப் பற்றிக் கேட்டார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தில் வருவது ஆண்டு நிகர லாபம் 5 கோடி போன்ற வரம்புகளைத் தொடும் கம்பெனிகளுக்கு. அவர்கள் கடைசி மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், தொழில் திறன் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு இது பொருந்துமா என்று நேரில் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்கு ஃபீஸ் இல்லை.

எல்லாப் பிள்ளையும் கடைக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. விலங்கியல் படிக்கிற ஒரு பிள்ளை ஆறு வாரம் கௌசிகா ஆற்றங்கரையில் நடந்து, நம் சாக்கடை எங்கெங்கே அதில் சேர்ந்து குல்லூர்சந்தை நீர்த்தேக்கம் வரை போகிறது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தால், அதற்கும் இந்த நிதி கொடுக்கலாம். பொதுவில் போட்ட காசு, ஊருக்கு ஆகிற எந்த வேலைக்கும் போகட்டும். நாட்டில் 112 மாவட்டங்களை 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள், அதாவது பின்தங்கியவை, என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் எடுத்த இரண்டில் ஒன்று நம்முடையது. அதைப் படித்த அன்று எனக்கு ரோஷம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

பயிற்சி முடிந்து அந்தப் பையன் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். படிப்பு முடிந்து பெங்களூருக்குத்தான் போவான் என்று நினைக்கிறேன், போகட்டும். நடுவில் ஒரு நாள் போன் செய்து மில் முதலாளியின் நம்பர் கேட்டான். அந்தத் துவரைக் கணக்கில் ஒரு இடத்தில் கூட்டல் தப்பாகப் போட்டுவிட்டானாம், தூக்கம் வரவில்லையாம்.

என் ஆபீஸ் மேஜையில் ஒரு பச்சை அட்டை நோட்டு வைத்திருக்கிறேன். கடைப்பெயர், எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, கழிவறை உண்டா இல்லையா என்று நாலு கட்டம். முதல் வரியில் என் பெயர், இரண்டு பிள்ளைகள், என் பங்கு 12,600 என்று எழுதியிருக்கிறேன். நம் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள் நோட்டில் ஐம்பது பிள்ளைகளுக்கு இடம் சேர்ந்துவிட்டால் கல்லூரி முதல்வர்களைப் போய்ப் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் போன மாதப் பில்லைக் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு பார்க்கிறவன்